புதுச்சேரியை இழந்த தளபதி லாலி

புதுச்சேரியிலிருந்து முத்தியாலுப்பேட்டை வழியாகக் கோட்டக்குப்பம் வருகின்றவர் இன்று ஓர் ஆட்சியெல்லையைக் கடக்கிறார்; கடந்ததைப் பலரும் உணர்வதுகூட இல்லை. 1760-ஆம் ஆண்டில் இந்தப் பக்கம் அவ்வளவு எளிதாகக் கடக்கக்கூடிய இடமாக இருக்கவில்லை. கள்ளி, கற்றாழை, முட்செடிகள் அடர்ந்து வளர்ந்த எல்லை வேலி ஒன்று நகரை மேற்கே வளைத்துக் கிடந்தது. சாலைகள் அவ்வேலியைக் கடக்குமிடங்களில் காவற்கொத்தளங்கள் இருந்தன. வில்லியனூர்ச் சாலைக்கு ஒன்று, வழுதாவூர்ச் சாலைக்கு ஒன்று, தெற்கே அரியாங்குப்பத்துக்கு ஒன்று, வடக்கே சென்னைச் சாலைக்கு ஒன்று. அவ்வாண்டு நவம்பர் இறுதியில், அந்த வேலிக்கும் கோட்டை மதிலுக்கும் இடைப்பட்ட வெற்று நிலத்தில் ஆணும் பெண்ணுமாய் ஏறத்தாழ 1,400 பேர் எட்டு நாள் நின்றனர். முன்னே போனால் ஆங்கிலேயர் துப்பாக்கி. பின்னே திரும்பினால் பிரெஞ்சுக்காரர் துப்பாக்கி. புல்லின் வேரைத் தவிர அவர்களுக்கு உணவில்லை. அவர்களை நகரைவிட்டு வெளியேற்றியவர் நகரைக் காக்கவென்று பிரான்சிலிருந்து அனுப்பப்பட்ட தளபதி, தாமஸ் ஆர்தர் லாலி.

லாலி என்னும் சொல் தமிழ்ச் செவிக்குத் தாலாட்டையும் திருமண ஊஞ்சலையும் நினைவூட்டும். அந்தப் பெயருக்குரியவரின் வாழ்வில் அத்தகைய இனிமை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் பிறப்பாலேயே போருக்கு உரியவராகிவிட்டவர். அயர்லாந்தின் கால்வே பகுதியிலிருந்த தொலெண்டால் என்பது அவர் முன்னோரின் ஊர். ஆங்கில அரியணையை இழந்த இரண்டாம் ஜேம்சின் பக்கம் நின்று தோற்ற கத்தோலிக்க அயர்லாந்து வீரர்கள், 1691-இல் லிமரிக் உடன்படிக்கைக்குப் பின் தாய்நாட்டை விட்டுப் பிரான்சில் குடியேறினர். லாலியின் தந்தை ஜெரார்டு அவர்களுள் ஒருவர். தாய் பிரெஞ்சுப் பெருங்குடிப் பெண். 1702 ஜனவரியில் ரோமான் என்னும் பிரெஞ்சு ஊரில் மகன் பிறந்தார். தந்தையின் படைப்பிரிவே அவருக்கு வீடும் பள்ளியும் ஆயிற்று. நிலத்தை இழந்த குடும்பத்தின் பிள்ளைக்கு ஆங்கிலேயர் மீதான பகை ஒன்றே குறையாமல் கிடைத்த பரம்பரைச் சொத்து எனலாம். பின்னாளில் இம்மண்ணில் அவர் செய்தனவும் செய்யத் தவறியனவும் அந்தப் பகையை மறந்துவிட்டுப் பார்த்தால் விளங்கா.

ஐரோப்பாவில் அவருடைய படைவாழ்வு புகழோடு நடந்தது. போலந்து வாரிசுரிமைப் போரில் கேல், பிலிப்ஸ்பர்க் முற்றுகைகளில் பங்கேற்றார். 1744-இல் அவர் பெயரிலேயே ஓர் அயர்லாந்துப் படைப்பிரிவு அமைந்தது. 1745 மே 11-ஆம் நாள் நடந்த ஃபொந்தெனுவாப் போரில் ஆங்கிலப் படையின் பெரும் பத்தியை அயர்லாந்துப் படையினர் மோதி உடைத்தபோது முன்னணியில் நின்றவர்களுள் லாலியும் ஒருவர். களத்திலேயே பதினைந்தாம் லூயி மன்னர் அவருக்குப் பதவி உயர்வு அளித்தார். அதே ஆண்டு, நாடிழந்த ஸ்டூவர்ட் மரபின் இளவரசர் சார்லஸ் எட்வர்டு ஸ்காட்லாந்தில் எழுப்பிய கிளர்ச்சிக்குத் துணைநிற்கக் கடல் கடந்தார். 1746-இல் ஃபால்கெர்க் போரில் இளவரசரின் அருகிருந்தார். கிளர்ச்சி நசுங்கியபின் தப்பிப் பிரான்சு வந்து சேர்ந்தார். பின்னர் மாஸ்திரிக்ட் முற்றுகையில் காயமுற்றார். அஞ்சாதவர், ஓயாதவர், கைச்சுத்தமுள்ளவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. சினம் மிக்கவர், பிறர் சொல் கேளாதவர் என்ற பெயரும் உடனிருந்தது. இந்தியாவுக்கு அனுப்ப அவரைத் தேர்ந்தெடுத்தபோது, முதற்பெயரை மட்டும் கருதி இரண்டாவதைக் கருதாமல் விட்டுவிட்டனர் போலும்.

ஏழாண்டுப் போர் தொடங்கியதும் கிழக்கிந்தியப் பகுதியின் முழு அதிகாரம் பெற்ற தளபதியாக லாலி அனுப்பப்பட்டார். அவருக்கு இடப்பட்ட பணி இரண்டு: ஆங்கிலேயரைக் கடற்கரையிலிருந்து அகற்றுவது, பிரெஞ்சுக் கம்பெனி அதிகாரிகளின் ஊழலை ஒழிப்பது. முதற்பணிக்கு எவருடைய துணை வேண்டுமோ அவர்களையே இரண்டாம் பணி பகைவராக்கியது. எதிரியோடு போரிடுமுன் தன் கருவூலக்காரரோடும் கணக்கரோடும் போரிட வேண்டிய நிலைமை லாலிக்கு வாய்த்தது. இதைப் பாரிசில் எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1757 மே மாதம் பிரெஸ்ட் துறைமுகத்தை விட்ட கப்பல்கள் 1758 ஏப்ரல் 28-ஆம் நாள்தான் புதுச்சேரியை அடைந்தன. ஏறத்தாழ ஓராண்டுப் பயணம். கப்பற்படைத் தலைவர் தாஷே துணிவைவிட எச்சரிக்கை மிகுந்தவர். அவர் வழியில் செலவிட்ட காலத்தில் ஆங்கிலேயரும் தம் கப்பல்களைச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டனர். தளபதியை வரவேற்கக் கோட்டையிலிருந்து முழங்கிய மரியாதைப் பீரங்கிகள் சிலவற்றில் குண்டுகளும் இருந்தன என்றும், அவை அவர் வந்த கப்பலையே தாக்கின என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. கவனக்குறைவோ வேறு எதுவோ, அதைத் தீய நிமித்தமாகக் கப்பலிலிருந்தோர் கொண்டனராம்.

லாலிக்கு நிமித்தம் பார்க்கப் பொழுதில்லை. இறங்கிய அன்றே படையைத் தெற்கு நோக்கி அனுப்பினார். கடலூர் மே முதல் வாரத்தில் விழுந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்த ஆங்கிலேயரின் செயிண்ட் டேவிட் கோட்டை ஜூன் 2-இல் சரணடைந்தது. சோழமண்டலக் கரையில் சென்னைக்கு அடுத்த பெருங்கோட்டை அது. லாலி அதைத் தரைமட்டமாக்கினார். வந்திறங்கி ஐந்து வாரத்துக்குள் பெற்ற வெற்றி இது. துய்ப்ளேக்சு ஆண்ட நாளிலும் கைகூடாதது.

ஆனால் அவ்வெற்றியின் அடியிலேயே தோல்வியின் வித்தும் இருந்தது. படை புறப்பட்டபோது வண்டிகளும் இல்லை, மாடுகளும் இல்லை, சுமையாட்களும் இல்லை. கவர்னர் லெய்ரியின் நிர்வாகம் எதையும் ஆயத்தம் செய்திருக்கவில்லை. சினங்கொண்ட லாலி புதுச்சேரி மக்களைத் தெருவிலிருந்து பிடித்துவரச் செய்து, பீரங்கி வண்டிகளை இழுக்கவும் மூட்டை சுமக்கவும் வைத்தார். சாதி வேறுபாடு பாராமல் எல்லாரையும் ஒரே நுகத்தில் பூட்டியதால் மக்கள் மனம் புண்பட்டது என்று ஐரோப்பிய வரலாற்றாசிரியர்கள் இதனைக் குறிப்பர். அவர்கள் கண்ணுக்குச் சாதி மட்டுமே பட்டது. எச்சாதியாராயினும் மனிதரை மாட்டின் இடத்தில் கட்டியதே கொடுமை என்பது அவர்கள் எழுத்தில் காணப்படவில்லை. சுமைதூக்குவதையே தொழிலாகக் கொண்டவர்களும் அந்நாட்களில் ஊரைவிட்டு ஓடினர் என்பதை இங்குக் கருத வேண்டும். அன்றிலிருந்து லாலியின் படைக்கு இந்நாட்டவரின் மனமார்ந்த உதவி கிடைக்கவில்லை.

அடுத்துச் சென்னையை நோக்கிச் செல்வதே லாலியின் விருப்பம். கருவூலத்தில் பணமில்லை, தாஷே கப்பல்களைத் தர மறுத்தார். அப்போது ஒரு பழைய பத்திரத்தை நினைவூட்டினர். சந்தா சாகிபின் காலத்தில் தஞ்சை மன்னர் பிரதாப சிங்கிடமிருந்து எழுதி வாங்கிய ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாய்க் கடன்பத்திரம் அது. அதை வசூலிக்க 1758 ஜூன் மாதம் லாலி தஞ்சைக்குப் புறப்பட்டார். போர்க்கலையில் வல்லவர் ஒருவர் கடன் வசூலிப்பவராக இறங்கிய இப்பயணமே அவர் பெயரைத் தமிழகத்தில் நிலையாகக் கெடுத்தது.

காரைக்கால் சேர்ந்த படைக்குச் சோறில்லை. நாகூரைக் கைப்பற்றினர். அங்குள்ள வணிகர்கள் முன்னரே பொருளோடு அகன்றுவிட்டமையால் எதிர்பார்த்த செல்வம் கிடைக்கவில்லை. பின் கீழ்வேளூரை அடைந்தனர். அவ்வூர்ச் சிவன் கோயிலில் பெரும்புதையல் இருப்பதாகக் கேள்விப்பட்ட லாலி, வீடுகளைத் துருவச் செய்தார். குளங்களைத் தோண்டச் செய்தார். திருமேனிகளை எடுக்கச் செய்தார். அத்திருமேனிகளில் விலையுயர்ந்த உலோகம் எதுவுமில்லை. கோயிலைச் சேர்ந்த அந்தணர் சிலர் அதன்பின்னும் முகாமைச் சுற்றி வந்தனர். தம் தெய்வத் திருமேனிகளைக் காணாத ஏக்கத்தால் வந்திருக்கலாம். அவர்களை ஒற்றர் என்று கொண்டு பீரங்கி வாயில் கட்டிச் சுடச் செய்தார் லாலி. உயிரிழந்தோர் அறுவர் என்பர். ஐரோப்பியப் போர்முறையில் ஒற்றனுக்குத் தண்டனை மரணம். அம்முறைப்படி அவர் நடந்தார் என்று அவருக்காக வாதிட்டவர் கூறுவர். அம்முறையில் விசாரணை என்ற ஒன்றும் உண்டு. அது கீழ்வேளூரில் நடைபெறவில்லை.

தஞ்சை மன்னர் பேச்சுவார்த்தையை நீட்டினார். திருச்சியிலிருந்து ஆங்கிலேயர் அவருக்கு உதவி அனுப்பினர். லாலியின் பீரங்கிகள் மதிலில் பிளவு ஏற்படுத்தியும், உள்ளே நுழைய வெடிமருந்தும் குண்டும் போதவில்லை. ஆகஸ்டு 3-ஆம் நாள் கடற்போரில் தாஷே ஆங்கிலேயரிடம் தோற்றார் என்ற செய்தி வந்தது. காரைக்காலை இழந்தால் கடல்வழி அடைபடும். ஆகஸ்டு 10-ஆம் நாள் முற்றுகையைக் கைவிட்டுப் படை திரும்பியது. பெரும்பீரங்கிகளைக் களத்திலேயே விட்டுவிட்டுப் பசியோடும் தாகத்தோடும் கடற்கரைக்கு நடந்தனர். வழியிலுள்ள ஊர்கள் எதுவும் அவர்களுக்கு ஒரு படி நெல் கொடுக்கவில்லை. கீழ்வேளூர்ச் செய்தி அவர்களுக்கு முன்னரே அவ்வூர்களை எட்டியிருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் தாஷே, தளபதியும் ஆலோசனைச் சபையும் தடுத்தும் கேளாமல், கப்பல்களோடு மொரீசியசுத் தீவுக்குச் சென்றுவிட்டார்.

இதற்கிடையில் லாலி செய்த மற்றொரு முடிவையும் குறிப்பிட வேண்டும். ஐதராபாத்தில் நிசாமின் அரசவையில் பிரெஞ்சுச் செல்வாக்கை ஏழாண்டுக்காலமாகக் காத்துவந்தவர் புஸ்ஸி. அவரைப் படையோடு தெற்கே வருமாறு லாலி ஆணையிட்டார். சென்னை வீழ்ந்தால் எல்லாம் வீழும் என்பது அவர் கணக்கு. ஐரோப்பாவில் அது சரியான கணக்காக இருந்திருக்கலாம். இங்கோ, புஸ்ஸி அகன்றவுடன் கிளைவ் வங்கத்திலிருந்து கர்னல் ஃபோர்டை அனுப்பினார். 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டினம் பறிபோயிற்று. வடசர்க்கார் வருவாய் முழுவதும் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போயிற்று. நிசாமும் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார். இந்நாட்டின் மொழிகளும் அரசியலும் அறிந்த ஒரே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. அவர் வந்து சேர்ந்தபின் லாலி அவரைக் கலந்தாலோசிக்கவில்லை. ஐயத்தோடுதான் நோக்கினார்.

சென்னை முற்றுகை 1758 டிசம்பர் நடுவில் தொடங்கியது. கறுப்பர் பட்டணம் என்று ஆங்கிலேயர் அழைத்த பகுதி எளிதில் பிடிபட்டது. பிரெஞ்சு வீரர்கள் அங்குக் கிடைத்த மதுவில் மூழ்கினர்; கொள்ளையிட்ட பொருள் படைக்கருவூலத்தைச் சேராமல் தனியார் பைகளைச் சேர்ந்தது. செயிண்ட் ஜார்ஜ் கோட்டையை லாரன்சும் கவர்னர் பிகட்டும் காத்தனர். வெளியே செங்கல்பட்டிலிருந்தும் பரங்கிமலைப் பக்கத்திலிருந்தும் ஆங்கிலப் படைப்பிரிவுகள் லாலியின் உணவு வழிகளை அறுத்துக்கொண்டிருந்தன. அவற்றுள் கம்மந்தான் யூசுப்கானின் படையும் ஒன்று. மருதநாயகம் என்று தமிழகம் நினைவுகூரும் அவரே பின்னர் ஆங்கிலேயரை எதிர்த்து நின்று 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். லாலியைத் தோற்கடிக்க உழைத்த கைக்கும் ஆங்கிலேயரின் கயிறே பரிசாகக் கிடைத்தது. தம் சொந்தப் பணத்தையும் படைக்குச் செலவிட்டு, சம்பளமில்லாத வீரர்களோடு இரண்டு மாதம் போராடினார் லாலி. 1759 பிப்ரவரி 16-ஆம் நாள் மாலை ஆங்கிலேயரின் கப்பல்கள் அடிவானத்தில் தோன்றின. மறுநாள் முற்றுகை கலைந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட பீரங்கிகளை விட்டுவிட்டுப் பிரெஞ்சுப் படை பின்வாங்கியது.

அதன்பின் நிகழ்ந்தவை இறக்கமே. 1759 செப்டம்பரில் தாஷே மீண்டும் வந்தார். மீண்டும் ஆங்கிலேயரோடு மோதினார். சிறிது பணமும் சில வீரரும் இறக்கிவிட்டு இறுதியாகக் கரையைவிட்டு அகன்றார். அக்டோபரில் வந்தவாசியில் முகாமிட்டிருந்த ஐரோப்பிய வீரர்கள், மாதக்கணக்காகச் சம்பளம் கிடைக்காமையால் கிளர்ச்சி செய்து வெளியேறினர். பாக்கியில் ஒரு பகுதியைக் கொடுத்தே அவர்களை மீட்க முடிந்தது. வருவாய்க்கு வழிதேடி லாலி படையின் ஒரு பகுதியைத் திருவரங்கத்துக்கு அனுப்பினார். அந்நேரத்தில் அயர் கூட் வடக்கிலிருந்து இறங்கி வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தார். கருங்குழியும் அவர் வசமாயிற்று. அயர் கூட்டும் அயர்லாந்தில் பிறந்தவரே. ஒரே தீவில் வேர்கொண்ட இருவர், இரு வேறு அரசர்களுக்காக, நெல்வயலும் ஏரியும் சூழ்ந்த ஒரு தமிழ்நாட்டுச் சிற்றூரில் எதிரெதிரே நின்றனர்.

1760 ஜனவரி 22. இழந்த வந்தவாசிக் கோட்டையை மீட்க லாலி முற்றுகையிட்டிருந்தபோது கூட்டின் படை வந்து சேர்ந்தது. இரு பக்கமும் ஐரோப்பியர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். சிப்பாய்கள் ஆங்கிலேயர் பக்கம் மிகுதி. லாலியின் பக்கம் மராட்டியக் குதிரைப்படை ஒன்று இருந்தது. அது தொலைவில் நின்று பார்த்ததே ஒழியப் போரிடவில்லை. ஆங்கிலேயரின் அணிவகுப்பில் சிறு குழப்பத்தைக் கண்ட லாலி, தம் குதிரைப்படையைப் பாயச் சொன்னார். அவர்கள் அசையவில்லை. தலைவனை மாற்றிப் பார்த்தார், பயனில்லை. இறுதியில் தாமே முன்னின்று நடத்திச் சென்றார். ஆங்கிலப் பீரங்கிகள் முழங்கியதும் உடன்வந்தோர் சிதறினர். ஐம்பத்தெட்டு வயதுத் தளபதி ஏறத்தாழத் தனியராய்க் களத்தில் நின்றார். லொரேன் படைப்பிரிவு துப்பாக்கி முனைக்கத்தியோடு பாய்ந்து ஆங்கில அணியை உடைத்தது. உடைத்த வேகத்தில் பக்கவாட்டுத் தாக்குதலுக்கு ஆளாகித் தானும் உடைந்தது. அதே வேளையில் இடப்பக்கத்து ஏரிக்கரை அரணில் இருந்த வெடிமருந்து வண்டியில் ஒரு குண்டு விழுந்தது. ஏறத்தாழ எண்பது பேர் ஒரு நொடியில் மடிந்தும் காயமுற்றும் வீழ்ந்தனர்; மற்றவர் இடத்தை விட்டு ஓடினர். அவ்விடத்தை மீட்க முயன்ற புஸ்ஸி குதிரை சுடப்பட்டு வீழ்ந்து சிறைப்பட்டார். பிற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. இரு நாடுகளில் எது இந்தியாவை ஆள்வது என்ற வினாவுக்கு வந்தவாசியில் விடை கிடைத்தது என்று பாடநூல்கள் கூறும். அவ்விடையை எழுதிய குருதியில் பெரும்பகுதி சம்பளம் கிடைக்காதவர்களுடையது என்பதைப் பாடநூல்கள் கூறுவதில்லை.

வந்தவாசிக்குப் பின் கோட்டைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. பிப்ரவரியில் ஆற்காடு, மார்ச்சில் திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் குன்றுக்கோட்டையும் கடலோர ஆலம்பரைக் கோட்டையும், ஏப்ரலில் காரைக்காலும் வழுதாவூரும் சிதம்பரமும். செஞ்சி போன்ற சிலவே எஞ்சியிருந்தன. ஆங்கிலப் படை புதுச்சேரியை நெருங்கியது. லாலி கடைசி முயற்சியாக மைசூரின் ஐதர் அலியோடு உடன்படிக்கை செய்தார். ஐதரின் உறவினர் மக்தூம் அலி படையோடும் கால்நடைகளோடும் வந்தார். ஜூலையில் திருவதிகைப் பக்கம் ஆங்கிலப் படை ஒன்றை முறியடிக்கவும் செய்தார். ஆனால் சீரங்கப்பட்டணத்தில் ஐதருக்கே ஆபத்து நேர்ந்ததால் மைசூர்ப் படை திரும்பிப் போய்விட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு ஆங்கில முகாம் மீது லாலி நடத்திய தாக்குதல் சிறந்த திட்டம். ஒரு படைப்பிரிவு உரிய நேரத்தில் உரிய இடத்தை அடையாததால் பாழாயிற்று. சில நாளில் எல்லை வேலியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. இனி நகரம் என்பது மதிலும் அதற்குள்ளிருந்த பசியுமே.

அப்பசியின் நடுவில் ஒரு முதியவர் நோயுற்றுக் கிடந்தார். 1736 செப்டம்பர் முதல் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அவர். துய்ப்ளேக்சின் காலத்தில் தலைமைத் துபாசியாக விளங்கி, புலவர்களைப் புரந்து, கோவை நூலொன்றுக்குப் பாட்டுடைத் தலைவரும் ஆனவர். 1756-இல் பதவி நீக்கப்பட்டு ஒதுங்கியிருந்தவர். லாலியின் ஆட்சியில் நகர மக்களிடம் பணம் கேட்டு நடந்த நெருக்குதல்களை உள்ளிருந்து கண்டவர். தளபதி தம் பக்கத்து நியாயத்தைப் பின்னர்ப் பக்கம் பக்கமாகப் பிரெஞ்சில் எழுதினார். தமிழில் அக்காலத்தை எழுதிவைக்க அந்த ஒரு நாட்குறிப்பே இருந்தது.

நவம்பர் 27-ஆம் நாள் லாலி அந்த முடிவை எடுத்தார். கையிருப்புத் தானியம் படைவீரருக்கே போதாது. போரிடாத வாய்களை வெளியேற்ற வேண்டும். ஐரோப்பியர் வீடுகளில் வேலை செய்தவர் சிலரை விட்டு, எஞ்சிய நாட்டு மக்கள் 1,400 பேரை மதிலுக்கு வெளியே தள்ளினர். ஆங்கிலக் காவலர் அவர்களை வேலியைக் கடக்கவிடவில்லை. மீண்டும் நகருக்குள் சென்றால் உணவு விரைவில் தீரும், சரணடைவும் விரையும் என்பது கூட்டின் கணக்கு. திரும்பிவந்தவர்களை மதிலிலிருந்து சுட்டனர். முன்சென்றவர்களை வேலியிலிருந்து சுட்டனர். முற்றுகைப் போர்நூல்களில் இரண்டு கணக்கும் சரியானவையே. எட்டு நாள் கழிந்தபின், நகரத்தார் இறுதிவரை கதவைத் திறக்கமாட்டார்கள் என்று தெளிந்த கூட், அவர்களை வெளியேற விட்டார். எந்தப் பக்கம் போனார்கள், எந்த ஊர் அவர்களுக்கு முதலில் கஞ்சி ஊற்றியது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

டிசம்பர் 8-ஆம் நாள் நள்ளிரவில் ஆங்கிலப் பீரங்கி மேடைகள் ஒருசேர முழங்கின. அவற்றுள் ஒன்று வடக்கே கடற்கரை மணலில் இருந்தது. நகரின் வடக்குத் தெற்கான பெருந்தெருவை நேராக அது துளைத்தது. உள்ளே யானை, குதிரை, ஒட்டகம் ஆகியவற்றின் இறைச்சியும் உணவாயிற்று. லாலி நோயால் படுக்கையில் இருந்தார்.

1761-ஆம் ஆண்டு பிறந்த இரவில் ஒரு பெரும்புயல் வீசியது. இக்கரை மக்கள் அறிந்த மார்கழிப் புயல்தான். காலையில் பார்த்தபோது ஆங்கிலேயரின் கப்பல்கள் சில மூழ்கியிருந்தன, சில அரியாங்குப்பத்துப் பக்கம் கரையில் மோதிச் சிதைந்திருந்தன. ஏறத்தாழ 1,100 பேர் கடலில் மடிந்தனர். கரையிலிருந்த கூடாரங்களும் பீரங்கி மேடைகளும் அழிந்தன, வெடிமருந்து நனைந்தது. மதிலுக்குள்ளிருந்து ஒரு படை அப்போது வெளிவந்திருந்தால் முற்றுகை உடைந்திருக்கலாம் என்று போர்வரலாறு எழுதியோர் கருதுவர். வெள்ளக்காட்டில் பீரங்கி இழுக்க உள்ளே மாடு இல்லை. வீரர்களுக்கு நடக்க வலுவில்லை. லாலி செய்யக் கூடியது ஒன்றே: பழவேற்காட்டிலிருந்த பிரெஞ்சுப் பிரதிநிதிக்கு, எந்தப் படகிலேனும் அரிசி அனுப்பக் கோரிக் கடிதம் எழுதினார். அக்கடிதம் கூட்டின் கையில் சிக்கியது. ஒரு வாரத்துக்குள் ஆங்கிலக் கப்பல்கள் மீண்டும் வந்து துறையை அடைத்தன.

ஜனவரி 12-ஆம் நாள் ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்தார். 16-ஆம் நாள் காலை வில்லியனூர் வாயில் ஆங்கிலேயருக்குத் திறந்துவிடப்பட்டது. அணிவகுத்து நின்ற பிரெஞ்சு வீரர்களின் எலும்பும் தோலுமான தோற்றத்தைக் கண்டு வென்றவர்களே திகைத்தனர் என்பர். இரண்டு நாள் கழித்து லாலி பல்லக்கில் சென்னைக்குப் புறப்பட்டபோது, அவருடைய அதிகாரிகளும் கம்பெனி அலுவலரும் தெருவில் கூடி ஏசினர். சிலர் அவரைக் கொல்லவும் முனைந்தனர். ஆங்கிலக் குதிரைவீரர்கள் அவரைக் காக்க வேண்டியதாயிற்று. படைக்கணக்குகளைக் கையாண்ட துபுவா என்பவர் பின்னால் வந்தார். பார்வை மங்கிய முதியவர். ஊழல்களுக்கான சான்றுகள் அவரிடம் இருந்தன. அவரை வம்புக்கிழுத்து வாளால் குத்திக் கொன்றனர். அவருடைய காகிதங்களும் உடனே மறைந்துபோயின. புதுச்சேரியின் கோட்டையையும் மாளிகைகளையும் கவர்னர் பிகட் இடித்துத் தரைமட்டமாக்கினார். தேவனாம்பட்டினத்துக்கு அது பதிலடி.

கைதியாக இங்கிலாந்து சென்ற லாலி, தம்மைப் பற்றிப் பாரிசில் பேசப்படுவனவற்றைக் கேள்வியுற்று, தாமே வேண்டி அனுமதி பெற்றுப் பிரான்சுக்குத் திரும்பினார். திரும்பியிருக்க வேண்டியதில்லை. தம் நேர்மை தம்மைக் காக்கும் என்று நம்பினார். 1762 நவம்பரில் பாஸ்தீல் சிறையில் அடைக்கப்பட்டார். ஓராண்டுக்கும் மேலாக விசாரணையே இல்லை. புதுச்சேரி இயேசு சபைத் தலைவராயிருந்த லாவோர் பாதிரியார் இறந்தபோது, அவர் பெட்டியில் இரண்டு குறிப்புரைகள் இருந்தன என்றும், ஒன்று லாலியைப் புகழ்வது, மற்றொன்று பழிப்பது, காற்றுக்கேற்ப இரண்டிலொன்றைப் பயன்படுத்த வைத்திருந்தார் என்றும் கூறுவர். பழிப்பதே நீதிமன்றத்தை அடைந்தது. இந்தியாவை இழந்த நாட்டுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். தம் கணக்குகளை மறைக்க வேண்டியவர்களுக்கும் அவனே தேவைப்பட்டான். 1766 மே 6-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மூன்று நாள் கழித்து, அறுபத்து நான்கு வயதில், குப்பை வண்டியில் ஏற்றி, பேசாதபடி வாயை அடைத்துக் கிரேவ் சதுக்கத்துக்குக் கொண்டுசென்று தலையை வெட்டினர்.

அரசருடைய நலனையும் நாட்டின் நலனையும் கம்பெனியின் நலனையும் காட்டிக்கொடுத்தார் என்பது முதற்குற்றம். அது பொய். பகைவரிடம் அவர் ஒரு காசும் பெற்றதில்லை. ஆங்கிலேயரை அவரைப்போல் வெறுத்தவர் அந்நீதிமன்றத்தில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார். புதுச்சேரிவாழ் மக்களைத் துன்புறுத்தியதும் பணம் பறித்ததும் குறித்துத் தீர்ப்பின் பின்பகுதியில் ஒரு தொடர் வருகிறது. மக்கள் என்று அங்குச் சுட்டப்பட்டோர் முதலாவதாகப் பிரெஞ்சு அரசரின் குடிகள். அடுத்து அந்நகரில் வாழ்ந்த பிறநாட்டார். இம்மண்ணுக்குரியவர்கள் அந்தப் பிறநாட்டார் என்ற சொல்லுக்குள் எங்கேயோ அடங்கினர். கீழ்வேளூர் புதுச்சேரிக்குள் அடங்காது; எனவே அத்தொடரிலும் அடங்காது. செய்யாத குற்றத்துக்காக இறந்த அவர், செய்த குற்றத்துக்காகக் கீழ்வேளூரின் முன்னோ அந்த 1,400 பேரின் முன்னோ ஒருநாளும் நிறுத்தப்படவில்லை.

பிரெஞ்சு அறிஞர் வொல்த்தேர் இத்தீர்ப்பின் அநீதியை எதிர்த்து ஆண்டுக்கணக்காக எழுதினார். லாலியின் மகன் திரோஃபீம் ழெரார், பள்ளி மாணவனாக இருந்தபோது, தன் தந்தை யார் என்பதைத் தந்தை கொல்லப்பட்ட நாளையொட்டியே அறிந்தவன். வளர்ந்து தந்தையின் பெயரை மீட்பதையே வாழ்வாகக் கொண்டான். 1778 மே மாதம் பதினாறாம் லூயியின் ஆலோசனைச் சபை பழைய தீர்ப்பை நீக்கியது. மரணப்படுக்கையிலிருந்த வொல்த்தேர் அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்து சில நாளில் மறைந்தார். மறுவிசாரணை ரூவான் நீதிமன்றத்துக்கும் டிஜோன் நீதிமன்றத்துக்குமாக அலைந்தது. குற்றமற்றவர் என்ற முழுத்தீர்ப்பு இறுதிவரை வரவில்லை.

1763 பாரிசு உடன்படிக்கைப்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கு மீண்டது. 1765-இல் இடிபாடுகளை ஒப்படைத்தனர். சுற்றுப்புறத்துக் குப்பங்களிலும் ஊர்களிலும் சிதறியிருந்த நெசவாளரும் கைவினைஞரும் வணிகரும் திரும்பிவந்து பழைய அடித்தளங்களின் மேலேயே சுவரெழுப்பினர். வேலிக்கு வெளியே எட்டு நாள் நின்றவர்களுள் எத்தனை பேர் அவர்களோடு வந்தனர் என்ற கணக்கு எந்தப் பக்கத்து ஏட்டிலும் இல்லை. 1,400 என்ற எண் மட்டும் உள்ளது. அதையும் ஆங்கிலேயரே எழுதிவைத்தனர்.